விலை கேட்கக் கூடாத சனிக்கிழமை

சனிக்கிழமை காலையில் எங்களுக்குக் கூலி வரும். அன்று மதியம் எங்களில் ஒருவர் மற்ற நால்வருக்கும் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். கிடங்குக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் கோழி வறுவல் கடை. அங்கேதான் வாங்க வேண்டும். ஆளுக்கு ஒரு டப்பா, நடுவில் வைத்து எல்லோரும் கை போட ஒரு பெரிய பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல். இந்த வாரம் ஒருவர் முறை என்றால் அடுத்த வாரம் அடுத்தவர். முறைக்காரர் அன்று மதியத்துக்கு முன்னால் மூட்டையைத் தொட வேண்டியதில்லை. அவர் பங்கையும் மற்றவர்கள் இறக்கிவிடுவார்கள்.

இது யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டம் இல்லை. கடை திறந்த புதிதில் எல்லாவற்றையும் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். மேஸ்திரி ஒரு நாள் எல்லோருக்கும் வாங்கி வந்தார். தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போக முடியுமா? அடுத்த வாரம், நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடுகிறவன் வாங்கினான். அப்புறம் அது வண்டிச் சக்கரம் மாதிரி தானாகவே சுற்ற ஆரம்பித்துவிட்டது.

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. என்ன விலை ஆச்சு என்று யாரும் கேட்கக் கூடாது. வாங்கியவனும் வாய் திறக்கக் கூடாது. ஒரு முறை எங்களோடு வேலை பார்க்கும் மாப்பிள்ளை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். “சோறு போடுறவன்கிட்ட அரிசி விலை கேப்பியாடா?” என்றார். அன்றோடு அந்தப் பேச்சு செத்தது.

மேஸ்திரி எங்கள் கூட்டத்துக்குத் தலைவர். எந்த லாரியை யார் இறக்குவது என்று அவர்தான் சொல்வார். ஆள் கட்டை, குரல் அதைவிடக் கட்டை. ஒட்டகம் என்பது அவன் உயரத்துக்கு வைத்த பேர். நாலு பேர் சேர்ந்து தூக்கும் மூட்டையைத் தனியாகத் தூக்குவான், அதைவிடப் பெரிய பொய்யைச் சிரிக்காமல் சொல்வான். மாப்பிள்ளைக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது. எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதால் அவன் எங்களில் ஆண்களையெல்லாம் மாமா என்பான், மேஸ்திரியைத் தவிர. தையலக்கா கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைப்பவர். வயதில் எனக்கு மூத்தவர். அவருடைய ஊசியைவிட நாக்குக்குக் கூர் அதிகம்.

அப்புறம் நான். நான் அட்டி அடுக்குகிறவன். லாரியிலிருந்து மற்றவர்கள் தூக்கி வரும் மூட்டைகளை வாங்கிக் கிடங்குக்குள் மேலே மேலே வரிசையாகப் போடுவது என் வேலை. முன்பெல்லாம் நானும் முதுகில் சுமந்து, லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகை ஏறியவன்தான். ஒரு மழை நாளில் பலகை வழுக்கி, மூட்டையோடு விழுந்தேன். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வலது முழங்கால் அன்றிலிருந்து எனக்குச் சொந்தமில்லை. சமதரையில் நடப்பேன், குனிவேன், நிமிர்வேன். சுமையோடு பலகையில் கால் வைத்தால் முட்டி நடுங்கிவிடும்.

கிடங்கு முதலாளிக்கு இது தெரியாது. அவரைப் பொறுத்தவரை ஐந்து பேரும் ஒன்றுதான், ஐந்து பேருக்கும் ஒரே கூலிதான். மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் இடத்தில் நாளைக்கே வேறு ஆள் நிற்பான். அவர் சொல்லவில்லை. மற்றவர்களும் சொல்லவில்லை. எனக்குப் பதிலாகப் பலகை ஏறுகிறார்கள், கூலியைச் சமமாகப் பிரிக்கிறார்கள். இதற்கெல்லாம் நான் திருப்பிச் செய்வது அந்தச் சனிக்கிழமை டப்பா ஒன்றுதான் என்று என் மனசில் பதிந்துபோயிருந்தது. அதிலும் கை சுருக்கினால் ஒரு நாள் யாராவது, ‘இவனுக்கு எதுக்கு நாம சுமக்கணும்’ என்று நினைக்க மாட்டார்களா? எனக்கு அந்தப் பயம்.

கடைக்காரன் விலையை ஏற்றிக்கொண்டே போனான். ஒரேயடியாக ஏற்றினால் சண்டை போடலாம். அவன் தூங்குகிறவன் போர்வையை உருவுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். ஏற்றின கையோடு கோழித்துண்டும் இளைத்தது. முன்பு டப்பா மூடி மூடாது, இப்போது உள்ளே கோழி உருளுகிற சத்தம் கேட்கும். எண்ணெய் விலை, வாடகை, மின்சாரம் என்று ஏதேதோ காரணம் சொன்னார்கள். எங்கள் கூலிக்கு மட்டும் எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

போன சுற்றில் என் முறை வந்தபோதே கையில் வாங்கிய கூலியில் பெரிய ஓட்டை விழுந்தது. வீட்டில் ஒரு வாரத்துக்குக் காய் வாங்குகிற காசு ஒரு மத்தியானத்தில் போனது. இப்போது மறுபடியும் என் முறை. நடுவில் விலை எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, வெள்ளிக்கிழமை மதியம் சும்மா போகிறவன் மாதிரி கடைக்குள் நுழைந்தேன்.

உள்ளே நல்ல குளிர். மேலே வரிசையாக எரிகிற பலகையில் படங்களும் விலையும். நிமிர்ந்து பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். தலை சுற்றியது குளிரால் இல்லை.

முன்பு அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. அன்று பாதி மேசை காலி. ஒரு மூலையில் கழுத்தில் அட்டை தொங்க அலுவலகத்துப் பையன்கள் இரண்டு பேர், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை மடியில் மறைத்து வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மேசைமேல் மட்டும் கடையின் குளிர்பானம் ஒன்று, இரண்டு உறிஞ்சு குழலோடு, வாடகைக்கு வைத்தது போல நின்றது. இன்னொரு பக்கம் ஒரு தாய் ஒரே ஒரு பர்கரை பிளாஸ்டிக் கத்தியால் நாலாக அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கத்தியில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் கதவைத் திறந்து, பலகையைப் பார்த்து, வழி தவறி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

கல்லாவில் தொப்பி போட்ட பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சனிக்கிழமைகளில் எங்களைப் பார்த்துப் பழகியவள்.

“என்ன அண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே?”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்மா. மறுபடியும் ஏத்திட்டீங்க போல?”

“திங்கக்கிழமை ஏத்துனாங்க. போன்ல நம்ம ஆப் இருந்தா தள்ளுபடி வரும் அண்ணே. இருக்கா?”

நான் என் போனை எடுத்துக் காட்டினேன். பொத்தான் அமுக்குகிற போன். அவள் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“கூட்டமே இல்லையேம்மா.”

“மதியத்துல ஈ ஓட்டுறோம் அண்ணே. சாயங்காலம்தான் கொஞ்சம் வருவாங்க. என்னையே எடுத்துக்கோங்க, நானும் சாப்பாடு வீட்லருந்துதான் கொண்டு வர்றேன். இங்க வேலை பாக்குறவளுக்கே இங்க வாங்கித் திங்கக் கட்டுபடியாகல.”

அன்று மாலை வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் பருப்பை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைப் பலகையில் பார்த்த விலையைச் சொன்னதும் கை நின்றுவிட்டது.

“ஒரு டப்பாவுக்கா?”

“ஒரு டப்பாவுக்கு.”

“அந்தக் காசுல முழுக் கோழியே வாங்கலாங்களே!”

“அது எனக்கும் தெரியுது.”

“அப்புறம் என்ன? நான் பொரிச்சுத் தர்றேன். மொறுமொறுன்னு செஞ்சு ஒரு பெரிய தூக்குல போட்டுத் தர்றேன். பெருமையா கொண்டுபோய் வைங்க.”

“தூக்குலயா? நாலு பேரும் என்ன நினைப்பாங்க? எல்லாரும் கடையில வாங்கிட்டு வர்றப்போ நான் மட்டும் வீட்ல ஆக்கிக்கிட்டுப் போனா கஞ்சன்னு நினைக்க மாட்டாங்களா?”

“கஞ்சன்னு நினைச்சா என்ன?”

நான் முழங்காலைத் தடவினேன். அவளுக்குப் புரிந்தது. முறத்தை ஒதுக்கி வைத்தாள்.

என் பார்வை அலமாரிக்குப் போனது. போன சுற்றில் தின்று முடித்த டப்பாக்களை வீணாக்க வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மெழுகு பூசிய அட்டை, தண்ணீர் பட்டாலும் ஊறாது. என் மனைவி அதைத் துடைத்துக் காயவைத்து, ஒன்றில் நூல்கண்டு, ஒன்றில் பொத்தான், ஒன்றில் தீப்பெட்டி என்று அடுக்கி வைத்திருந்தாள். டப்பாவின் நெற்றியில் கடையின் சேவல் படம் புதுசு மாதிரி பளபளத்தது.

“அந்த டப்பாவுல போட்டுக் குடு,” என்றேன்.

அவள் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என் சமையலுக்கு அந்தக் கடைக்காரன் பேரா? ஏங்க, நான் பெத்த பிள்ளைக்கு எவன் பேரையோ வைக்கிற மாதிரி இருக்குங்க.”

“இந்த ஒரு தடவை. என் மானத்தைக் காப்பாத்து.”

“மானமாம். சேவல் படத்துல இருக்கு உங்க மானம்,” என்று முணுமுணுத்துக்கொண்டே பொத்தான்களைக் கொட்டி டப்பாவைக் காலி செய்தாள்.

சனிக்கிழமை வந்தது. கூலியை வாங்கி இடுப்பில் செருகினேன். லாரி நின்றிருந்தது. மூவரும் சுமக்கத் தொடங்கிவிட்டார்கள், தையலக்கா நிழலில் சாக்கை விரித்துவிட்டார். “நான் கிளம்புறேன்,” என்றேன். “மெதுவா வா,” என்றார் மேஸ்திரி. எங்கள் வீடு கிடங்குக்குப் பின்பக்கத் தெருவில். பின் கதவு வழியாக நழுவினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே வாசனை இழுத்தது. மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் மாவுப் பொட்டோடு அடுப்பு முன்னால் நின்றாள். கோழி பொன்னிறத்தில் வடிதட்டில் கிடந்தது. உருளைக்கிழங்கை விரல் விரலாக வெட்டிப் பொரித்திருந்தாள். கடையில் இருப்பதைவிடக் கொஞ்சம் தடிமன்.

“கடைக்காரன் ஒல்லியா வெட்டுவான்.”

“கடைக்காரனுக்கு மெஷின் இருக்கு. எனக்கு இந்தக் கைதான் இருக்கு. போங்க.”

டப்பாக்களில் அடைத்தோம். மூடி மூடவில்லை. எங்கே அமுக்கினாலும் ஒரு பக்கம் கோழிக்கால் எட்டிப் பார்த்தது. இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். கடை டப்பா மூடாமல் போய் எவ்வளவு காலம் ஆகிறது! அவசரத்தில் மூளைக்கு எட்டவில்லை. பையில் வைத்துத் துணி போட்டு மூடிக்கொண்டு, பின் கதவு வழியாகவே கிடங்குக்குத் திரும்பினேன்.

நாங்கள் சாப்பிடுவது கிடங்கின் முன்பக்கம், லாரி ஒட்டி நிற்கும் திண்டின் நிழலில். நால்வரும் கை கழுவி வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பையையே பார்த்தபடி உள்ளிருந்து வந்து, அவர்களுக்கு எதிரே, சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். டப்பாக்களை எடுத்து வைத்தேன்.

யாரும் கை நீட்டவில்லை. டப்பாவைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பின்பக்கமா வர்றீங்களே அண்ணே?” என்றான் ஒட்டகம்.

“முன்னால லாரி மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. சுத்தி வந்தேன்.”

“ஓஹோ.” அவன் டப்பாவைத் திறந்து ஒரு துண்டைக் கடித்தான். கண்ணை மூடினான். மெதுவாக மென்றான். “கடையில கூட்டமா அண்ணே?”

“கேக்காத. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது.”

“அப்படியா! சனிக்கிழமைல்ல.”

“ஆமா, சனிக்கிழமைல்ல.”

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு மூச்சு சீராக வந்தது. ஆனால் பேசும்போதெல்லாம் அவர்கள் பார்வை என் தலைக்கு மேலே போய்ப் போய் வந்தது. காக்கை ஏதாவது உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

“தொப்பிக்காரப் பொண்ணுதான் கல்லாவுல இருந்துச்சா தம்பி?” என்று கேட்டார் தையலக்கா.

“அவளேதான். உங்களைக்கூட விசாரிச்சா அக்கா. சாக்கு தைக்கிற அக்கா நல்லா இருக்காங்களான்னு.”

“பாரேன். இவ்வளவு கூட்டத்துலயும் என்னை ஞாபகம் வச்சுக் கேட்டிருக்கா, தங்கம்.”

“மாமா, ஏசி போட்டிருந்தானா?” என்றான் மாப்பிள்ளை. அவன் குரல் ஏனோ நடுங்கியது.

“ஜில்லுன்னு இருந்துச்சு மாப்ள. வெளிய வரவே மனசில்ல.”

மேஸ்திரி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து தின்றுகொண்டிருந்தார். ஒரு எலும்பை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

தையலக்கா உருளைக்கிழங்கு டப்பாவின் அடியில் விரலை விட்டுத் துழாவினார். ஏதோ ஒன்றை எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினார். வெள்ளைச் சட்டைப் பொத்தான்.

“தம்பி, இது என்ன?”

பொய் சொல்லி ஓடுகிறவனுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது.

“அதுவா அக்கா... இப்போ டப்பாவோட ஏதாச்சும் ஒரு சாமான் இலவசமா குடுக்கிறாங்க. பிள்ளைங்களுக்குப் பொம்மை குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி.”

மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. ஒட்டகம் அவன் முதுகில் அடித்தான். அடித்தவனும் சிரித்து, சிரிப்பில் சுவரில் இடித்துக்கொண்டான். தையலக்கா தலைத்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

“என்ன? என்னாச்சு?” என்றேன்.

“அண்ணே,” என்றான் ஒட்டகம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “கோவிச்சுக்காம கொஞ்சம் திரும்பிப் பாருங்க.”

திரும்பினேன். சாலைக்கு அந்தப் பக்கம் கோழிக் கடையின் இரும்புக் கதவு தரை வரைக்கும் இறங்கியிருந்தது. அதில் போர்வை அகலத்துக்கு ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘இன்று முதல் மாலை ஐந்து மணிக்கு மேல் மட்டும் கடை திறக்கப்படும்.’ வாசலில் வரிசையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது.

திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். முன்பானால் கஞ்சன் என்று மட்டும் நினைத்திருப்பார்கள், இப்போது ஏமாற்றுக்காரன் என்றும் ஆகிவிட்டது. திங்கட்கிழமை மேஸ்திரி என்னைப் பலகை ஏறச் சொல்வார். சொன்னால் மறுத்துப் பேச எனக்கு என்ன வாய் இருக்கிறது?

“இதை யாரு பொரிச்சது?” மேஸ்திரியின் குரல்.

“வீட்ல,” என்றேன். தலை குனிந்தபடியே.

“உன் பொண்டாட்டியா?”

“ஆமா.”

நிமிர்ந்து பார்த்தேன். டப்பாவுக்குள் கையை விட்டுப் பெரிய துண்டாகப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

“முடியல மேஸ்திரி,” என்றேன். வார்த்தை தானாக வந்துவிட்டது. “நேத்து போய் விலையைப் பாத்தேன். சத்தியமா முடியல. வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு இப்படிப் பண்ணிட்டேன்.”

“அட மடையா,” என்றார் மேஸ்திரி. “நீ போனப்புறம் கடை மூடியிருக்கிறதைப் பாத்ததும் நாங்க என்ன பேசிக்கிட்டோம் தெரியுமா? நல்லவேளை, இந்த வாரம் இவன் தப்பிச்சான்னு பேசிக்கிட்டோம். உனக்காக நான் சந்தோஷப்பட்டேன். நீ என்னடான்னா மூடின கடையிலருந்து வாங்கிட்டு வந்து நிக்கிற!”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை மேஸ்திரியும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே குறைவு. எலும்பைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“போன தடவை என் முறையில வயிறு சரியில்லன்னு நான் சாப்பிடாம உக்காந்திருந்தேனே, ஞாபகம் இருக்கா?”

“நான் ஓம தண்ணிகூடக் காய்ச்சித் தந்தேனே,” என்றார் தையலக்கா.

“வயித்துக்கு ஒண்ணும் இல்ல. ஒரு டப்பா குறைச்சுத்தான் வாங்க முடிஞ்சுது. அந்தக் கண்றாவித் தண்ணியை வேற குடிக்க வச்சுட்ட.”

“அடப் பாவி மனுஷா!” தையலக்கா கையிலிருந்த பொத்தானை அவர்மேல் எறிந்தார். “நான் மட்டும் என்ன? டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு ஒரு வாரம் நடந்தே வந்தேனே, எந்த டாக்டர் சொன்னான்? என் முறை வருதுன்னு பஸ் காசை மிச்சம் பிடிச்சேன்.”

எல்லோரும் ஒட்டகத்தைப் பார்த்தோம். அவன் முறை வந்த சனிக்கிழமைதான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

“காய்ச்சல் நிஜம்தான்,” என்றான் அவன் முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு. “அந்த விலைப் பலகையைப் பாத்ததும் வந்துச்சு.”

மாப்பிள்ளை உருளைக்கிழங்கை எண்ணுவது போலக் குனிந்திருந்தான்.

“நீ சொல்லு மாப்ள,” என்றேன்.

“வேணாம் மாமா.”

“சொல்லுடா,” என்றார் மேஸ்திரி.

“இல்ல... சனிக்கிழமை கூலி குறையுதேன்னு வீட்ல அவ கேட்டா. உங்களுக்கெல்லாம் சாப்பாடு வாங்குனேன்னு சொன்னா திட்டுவா. அதனால...”

“அதனால?”

“மேஸ்திரி பிடிச்சுக்கிட்டார்னு சொல்லிட்டேன்.”

மேஸ்திரி வாய் திறந்தபடி இருந்தார்.

“அதான் அந்தப் பொண்ணு சந்தையில என்னைப் பாத்து முறைச்சிட்டுப் போச்சா? நான் வணக்கம் வச்சேன்டா! அது காய்கறிப் பையை என் மேல இடிச்சிட்டுப் போச்சு!”

“அதுக்கு மேலயும் திட்டம் வச்சிருந்தா மேஸ்திரி. நான்தான் தடுத்தேன்.”

ஒட்டகம் தரையில் படுத்தேவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாக உள்ளே அடைத்துக்கிடந்த சிரிப்போ, கண்ணில் தண்ணீர் வந்து, நெஞ்சு லேசாகும் வரைக்கும் வந்தது.

அதற்கு அப்புறம் நாங்கள் விலை பேசினோம். கட்டுப்பாட்டை உடைத்தது யார் என்று தெரியவில்லை. கோழி விலையில் தொடங்கி எண்ணெய் விலைக்குப் போனோம். எண்ணெயிலிருந்து வாடகை. வாடகையிலிருந்து பிள்ளைகளின் செருப்பு. தையலக்கா சோப்புக் கட்டி எப்படி இளைத்தது என்று கையால் அளவு காட்டினார். ஒட்டகம் இப்போதெல்லாம் சினிமாவுக்குப் போகாமல் வெளியே நின்று சுவரொட்டி பார்த்துவிட்டு மீதிக் கதையைத் தானே மனைவிக்குச் சொல்கிறானாம், அவளுக்கு அவன் கதைதான் பிடிக்கிறதாம். மாப்பிள்ளை தலைமுடியை அவன் மனைவியே வெட்டுகிறாள் என்றான். “அது பாத்தாலே தெரியுது,” என்றார் மேஸ்திரி. ஒரே சுவரில் சாய்ந்து இத்தனை சனிக்கிழமை உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பவன் வீட்டில் என்ன குறைத்தான் என்று ஒருவருக்கும் தெரியாது.

“இனிமே ஆளாளுக்கு வீட்லருந்து கொண்டு வர்றோம்,” என்றார் மேஸ்திரி. “நடுவுல வைக்கிறோம், பிரிச்சுத் திங்கிறோம். முறையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் விட்டால் திங்கட்கிழமை வரைக்கும் தூங்க முடியாது.

“முறை வேணாம்னா... நான் உங்களுக்கு என்ன செய்றது மேஸ்திரி?”

“என்ன செய்யணும்?”

“எனக்குப் பதிலா நீங்க பலகை ஏறுறீங்க. கூலியைச் சமமா பிரிக்கிறீங்க. இதையாவது ஒழுங்கா செஞ்சுக்கிட்டிருந்தேன்...”

மேஸ்திரி நெற்றியைச் சுருக்கினார். நான் சொல்வது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை போல இருந்தது. தையலக்காவுக்கு விளங்கியது.

“தம்பி, கோழிக்காகத்தான் உன்னைக் கூட வச்சிருக்கோம்னு நினைச்சியா?”

நான் காலி டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“இவன் லீவு போட்ட அன்னைக்கு நீ அட்டி போட்டியே, சொல்லு,” என்று ஒட்டகத்தைப் பார்த்தார் மேஸ்திரி.

“அதை ஏன் இப்போ இழுக்குறீங்க?” என்றான் ஒட்டகம்.

“சொல்லுடா.”

“சாஞ்சிடுச்சு. பாதி ராத்திரி ஆகிப்போச்சு மறுபடி அடுக்கி முடிக்க. முதலாளி வேற கத்துனாரு.”

“கேட்டுக்கிட்டியா?” என்று என் பக்கம் திரும்பினார் மேஸ்திரி. “எங்க முதுகுக்கு மூட்டை தூக்கத் தெரியும். உள்ள ஒருத்தன் ஒழுங்கா வாங்கிப் போடலேன்னா ஒரே மூட்டையை ரெண்டு தடவை தூக்கணும். உன் முட்டி பலகை ஏறலேன்னா போகுது. நீ பலகைக்கு வர வேணாம். இப்பவும் வேணாம், எப்பவும் வேணாம். இதைப் போய் டப்பாவுல அடைச்சு வச்சிருக்கான் பாரு!”

நான் தலையாட்டினேன். யாரும் கவனிக்காத மாதிரி எலும்புகளை நாய்க்குப் போடப் பொறுக்கினேன். எல்லோரும் கவனிக்காத மாதிரி நடித்தார்கள்.

வெளியே அடுத்த லாரியின் ஹாரன் கேட்டது. மேஸ்திரி கையை உதறிக்கொண்டு எழுந்தார். “உள்ள போ,” என்றார் என்னிடம், தினமும் சொல்வது போல. போனேன். மாப்பிள்ளை முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். வாங்கிக் குறுக்கே போட்டேன். அடுத்ததை நெடுக்கே போட்டேன். அன்று மூட்டை கையில் கனக்கவே இல்லை என்று சொன்னால் பொய். கனத்தது. ஆனால் மூட்டை மட்டும்தான் கனத்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தாள்.

“என்னங்க, கண்டுபிடிச்சாங்களா?”

“கண்டுபிடிச்சாங்க.”

“ஐயோ! என்ன சொன்னாங்க?”

செலவாகாத கூலியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“ஒட்டகம் உன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னான். மாவுல என்ன போட்டேன்னு.”

அவள் தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டாள்.

“சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க,” என்றாள். “வேணும்னா அவன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு இங்க வரட்டும். பக்கத்துல உக்கார வச்சுக் காட்டித் தர்றேன்.”